பொது நூலகம் கேட்டார்கள், தனி நூலகம் தந்தார்கள்

(காலனிப் படிப்பகம் ஒன்றின் ஐந்தாம் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம். ஊர்ப் பெயரும் ஆட்களின் பெயர்களும் தவிர்க்கப்பட்டுள்ளன.)



என்னைப் பேச அழைத்த தம்பிகள், "நூலக வரலாறு பற்றி அரை மணி நேரம் பேசுங்கள்" என்றார்கள். முனைவர் பட்ட ஆய்வு செய்கிற ஆளிடம் மைக்கைக் கொடுத்துவிட்டு அரை மணி நேரம் என்று சொல்வதே தப்பு. ஆனாலும் நேரத்துக்குள் முடித்துவிடுகிறேன். பின்னால் நிற்கிற அக்காமார்கள் அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

நான் இதே காலனியில் பிறந்து வளர்ந்தேன். உங்களில் பாதிப் பேர் என்னைத் தூக்கி வளர்த்தவர்கள். அதனால் எனக்குப் புதிதாக அறிமுகம் வேண்டாம். இந்தப் படிப்பகத்துக்கும் வேண்டாம். இந்தத் தகரக் கூரைக்கும் இரண்டு பீரோவுக்கும் யார் யார் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று உள்ளே சுவரில் எழுதியே வைத்திருக்கிறோம். சித்தாள் வேலைக்குப் போன கூலியிலிருந்து கொடுத்த பணம் அது.

ஆனால் போன மாதம் நடந்த ஒன்றைப் பற்றிப் பேசாமல் இன்று பேச முடியாது. ஊர்த் தெருவில், கோயிலுக்கு எதிரே, அரசாங்கத்தின் ஊர்ப்புற நூலகம் இருக்கிறது. அதை எல்லோரும் வந்து போகிற மாதிரி பேருந்து நிறுத்தம் பக்கத்தில் மாற்றி வையுங்கள், மாலையிலும் திறந்து வையுங்கள் என்று நம் பிள்ளைகள் மனு கொடுத்தார்கள். வாங்கியவர் படித்துப் பார்த்துவிட்டு, வாய்வார்த்தையாக ஒரு பதில் சொன்னார்: "உங்களுக்குத்தான் காலனியிலேயே தனியா ஒண்ணு இருக்கே, அப்புறம் எதுக்கு?"

இந்தப் பதிலைக் கேட்டதும் எனக்கு 1940ஆம் ஆண்டின் ஒரு நகரம் ஞாபகம் வந்தது. அங்கேயும் இதே பதிலைத்தான் சொன்னார்கள். அந்த நகரத்து நூலகத்தின் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

நகரத்தின் பெயர் அலெக்சாண்ட்ரியா. பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள், எகிப்தில் பழைய காலத்தில் பெரிய நூலகம் இருந்து அழிந்துபோன ஊர். நான் சொல்வது அது கிடையாது. அதே பெயரில் அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு சிறு நகரம் இருக்கிறது. போடோமேக் ஆற்றின் கரை. ஆற்றைத் தாண்டினால் தலைநகர் வாஷிங்டன். அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனின் பண்ணையான மவுண்ட் வெர்னான் பக்கத்தில்தான். அந்தப் பண்ணையில் நூற்றுக்கணக்கான அடிமைகள் இருந்தார்கள். 1828இல் தொடங்கி சில ஆண்டுகள், அமெரிக்காவின் மிகப் பெரிய அடிமை வியாபார நிறுவனங்களில் ஒன்று இந்த அலெக்சாண்ட்ரியாவில் இருந்துதான் நடந்தது. ஆண், பெண், குழந்தை என்று வாங்கி, அடைத்து வைத்து, தெற்கே பருத்தி விளைகிற மாநிலங்களுக்கு அனுப்பினார்கள்.

அந்த ஊரில் 1794லேயே ஒரு நூலகச் சங்கம் இருந்தது. சந்தா கட்டுகிற கனவான்களுக்கானது. பல தலைமுறை கழித்து, 1937இல், அது பொது நூலகமாக ஆனது. குயீன் தெருவில் புதுக் கட்டடம் எழும்பியது. ஒரு செல்வந்தர் தன் தாயாரின் நினைவாகக் கட்டிக் கொடுத்தார். நடத்துகிற செலவுக்கு நகராட்சி பணம் கொடுத்தது. நகராட்சிப் பணம் என்றால் வரிப்பணம். கறுப்பினத்தவரும் அந்த வரியைக் கட்டினார்கள். ஆனால் நூலகத்துக்குள் அவர்கள் வரக்கூடாது.

1937 என்ற ஆண்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நமக்கும் அந்த ஆண்டு முக்கியம். பிறகு சொல்கிறேன்.

அதே குயீன் தெருவில், நூலகத்திலிருந்து நடந்தே போய்விடுகிற தூரத்தில், ஒரு கறுப்பினக் குடும்பத்துப் பிள்ளை வளர்ந்தார். பெயர் சாமுவேல் வில்பர்ட் டக்கர். 1913இல் பிறந்தவர். அவர் உயர்நிலைப் பள்ளிக்குப் போகிற வயதில் அந்த ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளியே கிடையாது. தினமும் டிராம் ஏறி, ஆற்றைக் கடந்து, வாஷிங்டனுக்குப் போய்ப் படித்தார். பதினான்கு வயதில் அந்த டிராமில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணிக்கு இருக்கையை விட்டுத் தரவில்லை என்று அண்ணன் தம்பிகளோடு சேர்ந்து வழக்கில் மாட்டினார். அபராதம் விதித்தார்கள். மேல்முறையீட்டில் விடுதலை ஆனார்.

பிறகு ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார். சட்டக் கல்லூரிக்கே போகவில்லை. தெரிந்த ஒரு வழக்கறிஞரின் அலுவலகத்தில் உட்கார்ந்து சட்டப் புத்தகங்களைத் தானே படித்து, இருபது வயதில் வழக்கறிஞர் தேர்வில் தேறினார். இருபத்தொரு வயது நிரம்பும்வரை காத்திருந்து வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார். புத்தகத்தைப் படித்து வக்கீலான ஒருவர், தன் தெருவில் இருக்கிற நூலகத்துக்குள் போக முடியாது. அந்த நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

1939 மார்ச் மாதம். டக்கர், ஜார்ஜ் வில்சன் என்பவரை அழைத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனார். வில்சன் ராணுவத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். உறுப்பினர் அட்டைக்கு விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். டக்கர் நீதிமன்றத்துக்குப் போனார். இவர் இந்த நகரத்துக் குடிமகன், இவருக்கு அட்டை கொடுக்கும்படி நூலகத்துக்கு உத்தரவிடுங்கள் என்று மனு போட்டார். நீதிமன்றம் இழுத்தது. மாதங்கள் போயின.

டக்கர் வழக்கோடு நிற்கவில்லை. ஊர் இளைஞர்கள் சிலரைத் திரட்டினார். எப்படி உடுத்த வேண்டும், எப்படிப் பேச வேண்டும், மறுத்தால் என்ன செய்ய வேண்டும் என்று பயிற்சி கொடுத்தார். ஒரே மேசையில் சேர்ந்து உட்காராதீர்கள், ஆளுக்கொரு மேசையில் உட்காருங்கள் என்றார். ஒன்றாக உட்கார்ந்தால் பேசினார்கள், சத்தம் போட்டார்கள் என்று சொல்லிவிடுவார்கள் அல்லவா?

1939 ஆகஸ்ட் 21. வில்லியம் எவன்ஸ், எட்வர்ட் கேடிஸ், மோரிஸ் மரே, கிளாரன்ஸ் ஸ்ட்ரேஞ்ச், டக்கரின் தம்பி ஓட்டோ டக்கர். ஐந்து பேர். எல்லோரும் இருபது வயதை ஒட்டியவர்கள். நல்ல உடை உடுத்தி, ஒருவர் பின் ஒருவராக நூலகத்துக்குள் போனார்கள். மேசையில் இருந்தவரிடம் மரியாதையாக உறுப்பினர் அட்டை கேட்டார்கள். இல்லை என்று பதில் வந்தது. கேட்டவர் அலமாரிக்குப் போய் ஒரு புத்தகத்தை எடுத்தார், ஒரு மேசையில் உட்கார்ந்தார், படிக்கத் தொடங்கினார். அடுத்தவர் வந்தார். அதே கேள்வி, அதே பதில். அவரும் புத்தகத்தை எடுத்து வேறு மேசையில் உட்கார்ந்தார். இப்படியே ஐந்து பேரும்.

நூலகர் நகராட்சி அதிகாரியிடம் போனார். போலீஸ் வந்தது. எழுந்து போங்கள் என்றார்கள். எழவில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள் இளைஞர்கள். கைது செய்வோம் என்றார் போலீஸ்காரர். சரி என்றார்கள். வெளியே கூட்டம் கூடிவிட்டது. டக்கர் ஏற்கெனவே ஏற்பாடு செய்திருந்த புகைப்படக்காரரும் நின்றார். கோட்டும் தொப்பியுமாக அந்த இளைஞர்களைப் போலீஸ் வெளியே அழைத்து வரும் படம் இன்றைக்கும் இருக்கிறது. தொலைபேசியில் தேடினால் கிடைக்கும், வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். அந்த முகங்களில் பயம் தெரிகிறதா என்று எனக்குச் சொல்லுங்கள்.

என்ன குற்றச்சாட்டு தெரியுமா? ஒழுங்கீனமான நடத்தை. நூலகத்தில் உட்கார்ந்து சத்தம் போடாமல் படிப்பதைவிட ஒழுங்கான நடத்தை உலகத்தில் வேறு எது இருக்கிறது? நீதிமன்றத்தில் டக்கர் இதைத்தான் கேட்டார். இவர்கள் சத்தம் போட்டார்களா? இல்லை. சண்டை போட்டார்களா? இல்லை. அழுக்காக வந்தார்களா? இல்லை. இதே காரியத்தை ஒரு வெள்ளைக்காரர் செய்திருந்தால் கைது செய்திருப்பீர்களா? கேள்விகள் முடியும்போது அவர்களின் தோல் நிறத்தைத் தவிர வேறு குற்றம் எதுவும் மிஞ்சவில்லை.

இந்த இடத்தில் நீதிமன்றம் செய்த காரியத்தைக் கவனியுங்கள். குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்னால் மேல்முறையீடு போவார்கள், பெரிய நீதிமன்றத்தில் பிரச்சினை வெடிக்கும். நிரபராதி என்று சொன்னால் நாளைக்கே எல்லோரும் நூலகத்துக்கு வந்துவிடுவார்கள். அதனால் தீர்ப்பே சொல்லவில்லை. வழக்கை ஒத்தி வைத்தார்கள். அப்படியே கிடப்பில் போட்டுவிட்டார்கள். செப்டம்பரில் ஐரோப்பாவில் உலகப் போர் தொடங்கியது. அதற்குப் பிறகு இந்தச் சின்ன ஊர் நூலகத்தைப் பற்றி யாருக்கு என்ன கவலை?

வில்சனின் வழக்கில் 1940 ஜனவரியில் உத்தரவு வந்தது. விண்ணப்பம் முறைப்படி கொடுக்கப்படவில்லை என்று ஒரு நடைமுறைக் காரணம் காட்டி மனுவைத் தள்ளிவிட்டார் நீதிபதி. ஆனால் கறுப்பினத்தவர் என்பதற்காக அட்டை மறுக்கச் சட்டத்தில் இடமில்லை என்பதும் அந்த உத்தரவிலேயே தெரிந்துவிட்டது. முறைப்படி மறுபடி விண்ணப்பித்தால் கொடுக்காமல் இருக்க முடியாது. நகரத்தை ஆண்டவர்களுக்கு அது நன்றாகப் புரிந்தது. உடனே வேலையில் இறங்கினார்கள். நகராட்சியில் ஒரு காரியம் இவ்வளவு வேகமாக நடந்ததை நான் வேறெங்கும் படித்ததில்லை. ஜனவரியில் முடிவெடுத்தார்கள், ஏப்ரலில் கட்டடம் திறந்தாகிவிட்டது. கறுப்பினத்தவருக்கென்று தனி நூலகம். ராபர்ட் எச். ராபின்சன் நூலகம் என்று பெயர்.

ராபின்சன் யார் என்றால், கறுப்பின மதபோதகர், கல்விக்காகப் பாடுபட்டவர். அவருடைய பாட்டி மவுண்ட் வெர்னான் பண்ணையில் அடிமையாக இருந்தவர். பெயர் நல்ல பெயர்தான். பெயர் வைப்பதில் அவர்கள் எப்போதும் தாராளமாக இருப்பார்கள். நமக்கும் அனுபவம் உண்டு. ஆனால் உள்ளே இருந்தது பிரதான நூலகத்தில் கழித்துப் போட்ட புத்தகங்கள், பழைய மேசை நாற்காலிகள். கட்டடம் சின்னது. நூலகருக்குச் சம்பளமும் வெள்ளைக்கார நூலகரைவிடக் குறைவு.

வில்சனும் டக்கரும் மறுபடி விண்ணப்பித்தபோது வந்த பதில் இதுதான்: உங்களுக்குத்தான் தனியாக ஒன்று கட்டப் போகிறோமே, அங்கே அட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

டக்கர் நூலகருக்கு ஒரு கடிதம் எழுதினார். குயீன் தெரு நூலகத்துக்குத்தான் நான் விண்ணப்பித்தேன், அதற்குப் பதிலாக வேறு நூலகத்தின் அட்டையை இப்போதும் வாங்க மாட்டேன், எப்போதும் வாங்க மாட்டேன் என்பது அதன் சாரம். அந்த அட்டையை அவர் கடைசிவரை வாங்கவில்லை.

தோழர்களே, கதையை இங்கே நிறுத்தினால் கைதட்டிவிட்டுப் போய்விடலாம். டக்கர் வீரர், தனி நூலகத்தை ஏற்றுக்கொண்டவர்கள் சமரசக்காரர்கள் என்று சொல்லிவிடலாம். பல வருடம் நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது நினைக்கவில்லை.

ராபின்சன் நூலகம் திறந்தபோது அந்தப் பகுதியில் எட்டு வயதுக் குழந்தை ஒன்று இருந்தது என்று வைத்துக்கொள்வோம். வாழ்க்கையில் முதல் முறையாக அது ஒரு நூலகத்துக்குள் போகிறது. தன் நிறத்தில் இருக்கிற ஒரு பெண் நூலகர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, வா என்று கூப்பிடுகிறார். எவ்லின் ரோப்பர் பீம் என்பது அந்த முதல் நூலகரின் பெயர். புத்தகம் பழையதாக இருந்தால் என்ன, குழந்தைக்கு அது புதுசுதான். அங்கே படித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது அவமானத்தின் கட்டடமாக மட்டும் இருந்திருக்காது. அவர்களுடைய இடமாகவும் இருந்தது. அந்தக் கட்டடம் இன்று அலெக்சாண்ட்ரியாவின் கறுப்பின வரலாற்று அருங்காட்சியகமாக இருக்கிறது. அவமானப்படுத்தக் கட்டிக் கொடுத்த இடத்தில்தான் இன்று தங்கள் வரலாற்றை வைத்திருக்கிறார்கள்.

அப்படியென்றால் டக்கர் செய்தது தேவையில்லாத பிடிவாதமா? அதுவும் இல்லை. தனி நூலகம் எதற்காகக் கட்டப்பட்டது என்பதை அவர் சரியாகப் புரிந்துகொண்டார். கறுப்பினப் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்ற அக்கறையில் அது வரவில்லை. அந்த அக்கறை இருந்திருந்தால் 1937லேயே கட்டியிருக்கலாம். வழக்கில் தோற்கப்போகிறோம் என்று தெரிந்த பிறகு, பொது நூலகத்தின் கதவை மூடி வைக்கக் கட்டப்பட்டது அது. ஐந்து இளைஞர்கள் போய் உட்காராமல் இருந்திருந்தால் அந்தத் தனி நூலகமும் கிடைத்திருக்காது. அவர்கள் உட்கார்ந்தது தனி நூலகத்துக்காகவும் இல்லை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கதவு எப்போது திறந்தது? அலெக்சாண்ட்ரியா நூலகம் கறுப்பினத்தவர் எல்லோருக்கும் முழுதாகத் திறக்க 1960களின் தொடக்கம் ஆகிவிட்டது. கறுப்பினப் பெரியவர்களை முதலில் அனுமதித்தார்கள், குழந்தைகளைக் கடைசியாகத்தான் சேர்த்தார்கள். ராபின்சன் நூலகம் திறந்த அன்று பிறந்த குழந்தைக்கு அப்போது இருபது வயது தாண்டியிருக்கும். தனியாக ஒன்று இருக்கிறதே என்ற பதில் இருபது வருடம் உழைத்திருக்கிறது.

இன்னொரு ஊரையும் சொல்லிவிடுகிறேன். லூசியானா மாநிலத்தில் கிளின்டன் என்ற சிறு ஊர். அங்கே நடமாடும் நூலக வண்டிகள் இரண்டு. சிவப்பு வண்டி வெள்ளையர்களுக்கு, நீல வண்டி கறுப்பினத்தவருக்கு. புத்தகம் ஒன்றுதான், வண்டிக்கு நிறம். நம் டீக்கடை இரட்டைக் குவளை ஞாபகம் வருகிறதா? 1964இல் ஐந்து கறுப்பின இளைஞர்கள் அங்குள்ள நூலகத்துக்குள் போய், ஒரு புத்தகம் கேட்டு, பிறகு அங்கேயே அமைதியாக இருந்தார்கள். கைது செய்தார்கள். என்ன குற்றம்? பொது அமைதியைக் குலைத்தல். அந்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1966இல் தண்டனை ரத்தானது. ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர் இவர்கள் பக்கம், நான்கு பேர் எதிர்ப்பக்கம். நூலகத்தில் அமைதியாக இருப்பது அமைதியைக் குலைப்பது ஆகாது என்று சொல்ல, ஒரே ஒரு ஓட்டு வித்தியாசம்!

இப்போது 1937க்கு வருகிறேன். 1923இல் பம்பாய் சட்டமன்றத்தில், பொதுப் பணத்தில் இயங்குகிற குளம், கிணறு, பள்ளி எல்லாவற்றையும் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களும் பயன்படுத்தலாம் என்று தீர்மானம் நிறைவேறியது. மகாத் நகராட்சி தன் சவதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானமும் போட்டது. தீர்மானம் காகிதத்தில் இருந்தது, குளத்தில் யாரும் இறங்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று பாபாசாகேப் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு நடந்து போய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். மக்கள் அடித்து விரட்டப்பட்டார்கள். குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். வழக்கு நடந்தது. பத்து வருடம் கழித்து, 1937இல், பம்பாய் உயர் நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டில்தான் உலகத்தின் இன்னொரு மூலையில் குயீன் தெரு நூலகம் திறந்து, கறுப்பினத்தவரை வெளியே நிறுத்தியது.

இந்த இரண்டையும் நான் வலிந்து முடிச்சுப் போடுவதாக யாரும் நினைக்க வேண்டாம். பாபாசாகேப் நியூயார்க்கில் படித்தவர். 1946இல் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்களின் நிலையும் நம் நிலையும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதை அந்தக் கடிதத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

குளத்தில் வாளி விடுவதும் நூலகத்தில் நாற்காலியில் உட்காருவதும் ஒரே காரியம்தான். நாம் தாகத்தில் சாகாமல் இருப்பதற்கு வேறு கிணறு இருந்திருக்கலாம். மகாத்தில் கேட்டது தண்ணீரை மட்டும் இல்லை. பொது என்று நீ எழுதி வைத்திருக்கிறாயே, அந்தப் பொதுவில் நான் இருக்கிறேனா என்று கேட்டார்கள்.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அலெக்சாண்ட்ரியாவில் மறுப்பு வெளிப்படையாக இருந்தது. நீ கறுப்பு, உனக்கு அட்டை கிடையாது என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். அதனால் வழக்குப் போட முடிந்தது. நம் ஊர் நூலகத்தில் அப்படி யாரும் சொன்னதில்லை. நான் பதின்மூன்று வயதில் அந்த நூலகத்துக்குப் போக ஆசைப்பட்டேன். அங்கே போக ஊர்த் தெருவில் முழுதாக நடக்க வேண்டும். அந்தத் தெருமுனையில் என் அப்பா சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போனதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். "எந்தத் தெருப் புள்ள நீ?" என்று திண்ணையிலிருந்து கேட்பார்கள். கேள்வி அவ்வளவுதான். ஒரு முறை போனேன். வாசல்வரை போய், உள்ளே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்ததும் வந்துவிட்டேன். என்னை யாரும் தடுக்கவில்லை. பதிவேட்டைப் பார்த்தால் தடுத்ததற்கு எந்த ஆதாரமும் இருக்காது. அந்தப் பதிவேட்டில் நம் காலனியின் பெயரும் இருக்காது. ஆய்வுக்காகப் பல ஊர்களில் நூலகப் பதிவேடுகளைப் புரட்டியிருக்கிறேன். ஒரு தெருவின் பெயரே இல்லாமல் பக்கம் பக்கமாகப் போகும். அப்படிப் போகிற இடத்தில்தான் நான் நிறுத்திப் படிக்கிறேன்.

இந்த மாநிலம் நூலகத்தில் சின்ன மாநிலம் இல்லை. நூலகத்துக்கென்று சட்டம் கொண்டுவந்ததில் சென்னை மாகாணம்தான் இந்தியாவுக்கு முன்னோடி, 1948இல். வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்கான நூல் என்று 1931லேயே விதி வகுத்த எஸ்.ஆர்.ரங்கநாதன் இங்கேதான் வேலை பார்த்தார். வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்து வாங்குகிறார்கள். நம் காலனி வீடுகளின் ரசீதை எடுத்துப் பாருங்கள், அதிலும் இருக்கும். டக்கர் கேட்ட கேள்விக்கான ரசீது உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியிலேயே இருக்கிறது.

அதனால் மனுவை வாங்கியவர் சொன்ன பதிலுக்கு நாம் என்ன சொல்ல வேண்டும்? இரண்டு தவறான பதில்கள் இருக்கின்றன. ஒன்று, "ஆமாம், நமக்குத்தான் இருக்கிறதே, அவர்கள் நூலகம் நமக்கெதற்கு" என்று விட்டுவிடுவது. இந்தப் படிப்பகத்தை நாம் கட்டியது அவர்களுக்குச் சாக்காக மாறிவிடும். இன்னொன்று, "பொது நூலகம்தான் வேண்டும், இதை மூடிவிடுவோம்" என்பது. இங்கே தினம் சாயங்காலம் நாற்பது பிள்ளைகள் படிக்கிறார்கள். ஏழாம் வகுப்புத் தங்கச்சி ஒருத்தி இந்த வருடம் மட்டும் எண்பது புத்தகம் எடுத்திருக்கிறாள். அவளுடைய சாயங்காலத்தைப் பிடுங்கிப் போராட நமக்கு உரிமை இல்லை.

எவ்லின் பீம் போல இந்த இடத்தை நடத்துவோம். டக்கர் போல அந்த விண்ணப்பத்தைத் திரும்பப் பெறாமல் இருப்போம். ஒன்றைச் செய்தால் மற்றொன்றைச் செய்யக் கூடாது என்று நமக்குச் சொல்லித் தருகிறவர்கள், இரண்டையும் நாம் செய்துவிடுவோமோ என்று பயப்படுகிறவர்கள்தான்.

கடைசியாக ஒன்று. அந்த ஐந்து இளைஞர்கள் மீதான வழக்கு கிடப்பில் போடப்பட்டது என்று சொன்னேன் அல்லவா? அது எண்பது வருடம் அப்படியே கிடந்தது. 2019 அக்டோபரில்தான் அலெக்சாண்ட்ரியா நீதிமன்றம் அந்தக் குற்றச்சாட்டுகளை முறைப்படி தள்ளுபடி செய்தது. அவர்கள் செய்தது சட்டத்துக்கு உட்பட்டது, கைது செய்திருக்கவே கூடாது என்று இப்போது சொல்கிறார்கள். ஐந்து பேரில் ஒருவர்கூட அதைக் கேட்க உயிரோடு இல்லை. டக்கர் 1990இல் காலமானார். அதற்கு முன்னால், 1968இல், வர்ஜீனியாவின் பள்ளிகளில் நிறப் பிரிவினையை ஒழிக்கும் முக்கியமான வழக்கை உச்ச நீதிமன்றத்தில் வாதாடி வென்றிருந்தார். இன்று அந்த நகரத்தில் ஒரு தொடக்கப்பள்ளிக்கு அவர் பெயர் இருக்கிறது. நகரம் பெருமைப்படுகிறது. பெருமைப்படட்டும். ஆனால் எண்பது வருடம் கழித்து நம் பேரப்பிள்ளைகளிடம் வருத்தம் தெரிவிக்கப்படும் என்பதற்காக நாம் இன்று காத்திருக்க முடியாது.

மேசையில் ஒரு கட்டு காகிதம் வைத்திருக்கிறேன் பாருங்கள். ஊர்ப்புற நூலகத்தின் உறுப்பினர் படிவம். நாற்பது கொண்டு வந்திருக்கிறேன். காப்புத்தொகையும் சந்தாவும் சிறிய தொகைதான், அதற்குப் படிப்பகக் கணக்கில் பணம் இருக்கிறது, செயலாளர் அண்ணனிடம் பேசிவிட்டேன். வீட்டு வரி ரசீதின் நகல் ஒன்றும் கொண்டு வாருங்கள். வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இங்கேயிருந்து கிளம்புகிறோம். நல்ல சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள். உள்ளே போனதும் ஆளுக்கொரு புத்தகம், ஆளுக்கொரு இடம். சத்தம் போட வேண்டாம். அட்டை கொடுத்தால் வாங்கிக்கொள்வோம். கொடுக்கவில்லை என்றால், ஏன் கொடுக்கவில்லை என்று எழுத்தில் கேட்போம்.

நான் முதல் ஆளாக வருகிறேன். பதின்மூன்று வயதில் வாசலோடு திரும்பிய பாக்கி எனக்கு ஒன்று இருக்கிறது.

ஜெய்பீம்.